அப்பாவின் கணக்கை நான் மூடினேன்

என் அப்பாவுக்கு வயது 79. சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, அவருடைய பழைய நண்பர் ஒருவரின் பெயரும் புகைப்படமும் தாங்கிய ஃபேஸ்புக் கணக்கிலிருந்து, மருத்துவச் செலவுக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்று அவருக்கு ஒரு செய்தி வந்தது. கேட்ட தொகையை அப்பா உடனே அனுப்பிவிட்டார். அந்தக் கணக்கு போலி என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. வங்கிக்கும் காவல்துறைக்கும் புகார் கொடுத்த கையோடு, நான் அவருடைய கைபேசியை வாங்கி, ஃபேஸ்புக் கணக்கை அடியோடு நீக்கும்படி கோரிக்கை கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பா அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், எதுவும் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றிவிட்டதாகவே நான் நம்பினேன்.

நான் மூடியது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குச் செவித்திறன் குறையத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. முதுமையில் வரும் செவித்திறன் இழப்பு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் மங்கச் செய்வதில்லை. உட்செவியில் உள்ள மயிரணுக்களில், உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை உணர்பவையே பொதுவாக முதலில் பழுதடைகின்றன. உயிரொலிகள் வலுவாகவும் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் ஒலிப்பதால் அவை காதில் விழுகின்றன. க, ச, த போன்ற வல்லினங்களின் சன்னமான ஒலிதான் தப்பிப்போகிறது. எதிரில் இருப்பவர் பேசுகிறார் என்பது தெரியும், ஆனால் அவர் சொன்னது ‘கட்டினான்’ என்றா ‘தட்டினான்’ என்றா என்பது தெரியாது. உரத்துப் பேசினால் உயிரொலிகள் இன்னும் உரக்கக் கேட்குமே தவிர, சொல் தெளிவதில்லை. செவித்துணைக் கருவி அமைதியான அறையில் உதவுகிறது. நான்கு பேர் கூடிப் பேசும் இடத்தில் அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. தொலைபேசியிலோ உதட்டசைவும் இல்லை. எனவே அப்பா முதலில் தொலைபேசியில் பேசுவதை நிறுத்தினார், பிறகு கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார், கடைசியாக வீட்டிலேயே எல்லாவற்றுக்கும் தலையசைக்கத் தொடங்கினார். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இப்படிப்பட்டவருக்கு எழுத்து வழியாக நடக்கும் உரையாடல் என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். திரையில் வந்த சொல் தெளிவாக இருந்தது. அதை இரண்டு முறை படிக்கலாம், பெரிதாக்கிப் படிக்கலாம், பதிலை நாளைக்கும் எழுதலாம், ‘என்ன சொன்னாய்?’ என்று மூன்றாம் முறை கேட்டு எதிரில் இருப்பவரின் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. அப்பா பணிக்காலம் முழுவதும் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தவர். பழைய அச்சுத் தொழிலில் இருந்தவர்களும் அதில் ஆர்வம் கொண்ட இளைஞர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் அவர் ஆறு ஆண்டுகளாக உறுப்பினர். யாராவது ஒரு பழைய எழுத்தின் படத்தைப் போட்டு, இது எந்த அளவு, எந்த வகை என்று கேட்டால் பதில் சொல்பவர்களில் அவரும் ஒருவர். வீட்டில் அவரிடம் யாரும் எதையும் கேட்காத நாட்களில், அங்கே முகம் தெரியாத ஒருவர் அவரிடம் ஒன்றைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களில் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தியவர்கள் 2005-இல் 2 சதவீதம் பேர்தான் என்றும், 2015-இல் அது 35 சதவீதமாகிவிட்டது என்றும் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. ஆனாலும் முதியோரைப் பற்றிப் பேச்சு வந்தால் பொய்ச்செய்தியும் மோசடியுமே முதலில் வருகின்றன. 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்தை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் இளைஞர்களைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு பொய்ச்செய்திகளை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார்கள் என்று கண்டது. இந்த ‘ஏழு மடங்கு’ எங்கும் மேற்கோளாகிறது. அதே ஆய்வில், அந்த வயதினரில் அப்படி ஒரு செய்தியையாவது பகிர்ந்தவர்கள் 11 சதவீதம் பேர்தான் என்பது அதே அளவுக்குப் பரவவில்லை. பத்தில் ஒன்பது முதியவர்கள், அல்லது கிட்டத்தட்ட அத்தனை பேர், ஒன்றையும் பகிரவில்லை.

மோசடியின் அளவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2023-இல் மட்டும் 60 வயதைக் கடந்தவர்கள் தாங்கள் இணையக் குற்றங்களில் இழந்ததாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் தெரிவித்த தொகை 340 கோடி டாலருக்கும் மேல். ஆனால் அப்பா ஏமாந்தது அறியாமையால் என்று நான் முடிவுகட்டியது பிழை. வயது ஏற ஏற, எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்று உணரும் மனிதர்கள் மேலோட்டமான பழக்கங்களை விட்டுவிட்டு நெருங்கிய சிலரையே பற்றிக்கொள்கிறார்கள் என்று லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் விளக்கியிருக்கிறார். அப்பாவின் நட்புப் பட்டியலில் உதிர்ந்தவர்கள் போக எஞ்சியவர்கள் ஒவ்வொருவரும் அவருக்கு வேண்டியவர்கள். அவர்களில் ஒருவரின் பெயரில் ‘உதவி’ என்று வந்தால் அவர் கணக்குப் பார்க்க மாட்டார். மோசடிக்காரன் பயன்படுத்திக்கொண்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சந்தேகம் வந்தால் அந்த நபரையே அழைத்துப் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. தொலைபேசியில் குரலைப் பிரித்தறிய முடியாத ஒருவருக்கு இது எப்படிப் பயன்படும்? அறிவுரை எழுதுபவர்கள் இதை எண்ணிப்பார்ப்பதில்லை; நானும் எண்ணிப்பார்க்கவில்லை.

கணக்கை மூடிய பிறகு அப்பா பகலிலும் தூங்க ஆரம்பித்தார். பத்தொன்பதாம் நாள் இரவு, ஒரு தாளில் எழுதி என் முன்னால் வைத்தார்: ‘குழுவில் நான் இறந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். அதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிடு.’

பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள் உள்ள குழுவில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல்போவதற்கு என்ன பொருள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2006-இல், ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மரியா அமெலியா லோபஸ் என்ற மூதாட்டிக்கு, 95-ஆவது பிறந்தநாள் பரிசாக அவருடைய பேரன் ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தார் என்று எப்போதோ படித்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பேரன் தட்டச்சு செய்வாராம். அந்தப் பேரனை நினைத்துக்கொண்டேன்.

ஃபேஸ்புக் கணக்கை நீக்கக் கோரிய பின் 30 நாட்களுக்குள் மீண்டும் உள்நுழைந்தால் அந்தக் கோரிக்கையை ரத்து செய்துவிடலாம். அன்றிரவே செய்தோம். இம்முறை கைபேசி அப்பாவின் கையில் இருந்தது. ஒவ்வொரு படியையும் நான் தாளில் எழுதிக் காட்டினேன், அவரே தொட்டார். நட்புப் பட்டியலைப் பிறர் பார்க்க முடியாதபடி மறைத்தோம், ஏனெனில் போலிக் கணக்கு தொடங்குபவர்கள் அடுத்து யாரைக் குறிவைப்பது என்று அங்கிருந்துதான் பார்க்கிறார்கள். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினோம். பணம் கேட்டு யார் எழுதினாலும் என்ன செய்வது என்பதை மட்டும் அவரே முடிவுசெய்தார்: அந்த நபருடன் வேலை பார்த்த நாட்களில் நடந்த ஏதாவது ஒன்றை, வேறு எவருக்கும் தெரிய முடியாத ஒன்றை, அவர் கேள்வியாக எழுதுவார். சரியான பதில் வந்தாலும், என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். இந்தக் கடைசி நிபந்தனையை நான் கேட்கவில்லை, அவராகவே சேர்த்தார்.

குழுவைத் திறந்தபோது, பதினொரு நாட்களுக்கு முன் ஒருவர் அப்பாவின் பெயரைக் குறிப்பிட்டு, அவரைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார். கீழே இருபதுக்கும் மேற்பட்டவர்கள், தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு, யாரோ ஓர் இளைஞர் அன்று காலை போட்டிருந்த ஈய எழுத்தின் படத்தை இரு விரல்களால் பெரிதாக்கி, இடவலமாகத் திரும்பிக் கிடந்த அந்த வடிவத்தை ஒரே பார்வையில் படித்துவிட்டு, தான் நலமாக இருப்பதைச் சொல்வதற்கு முன்பே அதற்குப் பதில் எழுதத் தொடங்கினார்.