கிழமைக்கு ஒரு குளிசை

எனக்கு முதலில் வந்தது நோவு இல்லை, பாரம். கோயில் அன்னதானத்தில் நிலத்தில் இருந்து சாப்பிட்டால் கையை ஊன்றாமல் எழும்ப முடியாது. கந்தோரில் மாடிப்படி ஏறினால் தொடை இரண்டும் நனைந்த சாக்கு மாதிரிக் கிடக்கும். நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் கொஞ்சக் காலம் அப்படியே விட்டிருந்தேன். இடுப்பிலும் கால் எலும்பிலும் ஒரு மந்தமான வலி சேர்ந்து இரவில் நித்திரையைக் கெடுத்த பிறகுதான் டொக்டரிடம் போனேன்.

ஹீமோகுளோபின், தைரொயிட், சீனி எல்லாம் முன்பே பார்த்திருந்தேன், ஒன்றிலும் குறை இல்லை. அவர் அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு என்னைக் கட்டிலில் இருக்கச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, "நோகுதா மிஸ்?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு கதிரையிலிருந்து கையைப் பிடிக்காமல் எழும்பச் சொன்னார். இரண்டாம் தரத்தோடு தொடை நடுங்கியது. எலும்பை அழுத்த நோவதும், தொடை, தோள் பக்கத்துப் பெரிய தசைகள் பலம் குறைவதும் சேர்ந்து வந்தால் விற்றமின் டி பார்க்கத்தான் வேண்டும் என்றார்.

இதற்கு இரண்டு விதமான இரத்தப் பரிசோதனை உண்டு. பார்க்க வேண்டியது 25-ஹைட்ரொக்சி விற்றமின் டி. ஈரலில் உருவாகி இரத்தத்தில் சுற்றும் சேமிப்பு அதுதான். சிறுநீரகம் அதை மாற்றிச் செய்யும் வீரியமான வடிவம் வேறு. உடம்பில் சேமிப்பு வற்றிப்போயிருந்தாலும் அந்த அளவு நல்லாய் இருப்பதுபோலக் காட்டலாம். ஆகவே துண்டில் ‘25’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டுத் தந்தார். கூடவே கல்சியம், பொஸ்பரஸ், அல்கலைன் பொஸ்பட்டேஸ், கிரியட்டினின். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. இரத்தம் எடுத்தது மட்டக்களப்பு டவுனில், பரிசோதித்தது கொழும்பில். அதனால் ரிப்போர்ட் வர நாள் எடுத்தது.

ஒரு மில்லிலீற்றரில் 11 நனோகிராம். 20க்குக் கீழே என்றால் குறைபாடு என்பதுதான் பெரும்பாலான டொக்டர்மாரின் கணக்கு. கல்சியம் கீழ் எல்லையில் நின்றது. அல்கலைன் பொஸ்பட்டேஸ் கூடியிருந்தது. எலும்பு கல்சியத்துக்குத் தவிக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறியாம். கிரியட்டினின் நல்லம், அதாவது சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது.

"மட்டக்களப்பில வெயிலுக்கா பஞ்சம்?" என்று அம்மா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் என்னுடைய நாளைப் பாருங்கள். ஆரையம்பதியிலிருந்து ஸ்கூட்டியில் எட்டரைக்கு முன் கந்தோர். கைமுட்ட நீளச் சட்டை, கையுறை, ஹெல்மட், முகத்துக்குத் துணி. நாலேகாலுக்குத்தான் வெளியே வருவது. இடையில் வெயில் ஜன்னல் கண்ணாடி வழியாக மேசையில் விழும், உண்மைதான். ஆனால் தோலில் விற்றமின் டியை உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி கிட்டத்தட்ட முழுதாய் மறித்துவிடும். காலை இளவெயில் உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வோம். இந்த விஷயத்தில் அது அவ்வளவு உதவாது. சூரியன் சாய்ந்திருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். நம் நிழல் நம்மைவிடக் கட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அது போதியளவு வரும். நம் நிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடிய நேரமும் வேண்டும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் இந்த ஊர் வெயிலில் யார் விரும்பி நிற்கிறார்கள்? எருமைக்காரரும் மீன்பிடிக்கிறவர்களும்தான்.

மீன் தின்கிற ஊராச்சே என்றும் கேட்கலாம். சூடை, கும்பளா, சூரை மாதிரிக் கொழுப்புள்ள கடல்மீனில் விற்றமின் டி உண்டு, முட்டை மஞ்சள் கருவில் கொஞ்சம் உண்டு. எங்கள் வீட்டில் ஓடுவதோ வாவி இறாலும் செல்வன் மீனும். அதை வைத்து 11ஐ ஏற்ற முடியாது.

சரி, மருந்து. விற்றமின் டி3, கொலிகல்சிபெரோல், 50,000 ஐ.யூ., கிழமைக்கு ஒன்று, எட்டுக் கிழமைக்கு. ஐ.யூ. என்பது சர்வதேச அலகு, 40 அலகு ஒரு மைக்ரோகிராம். துண்டோடு ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். அங்கிருந்த பொடியன் தந்த பெட்டியில் ‘அல்பாகல்சிடோல் 0.25 மைக்ரோகிராம்’ என்று இருந்தது. பெயர் வேறாக இருக்கிறதே என்றேன். "அதுவும் விற்றமின் டிதான் அக்கா, எல்லாருக்கும் இதுதான் குடுக்கிற" என்றான். எனக்குத் திருப்தியில்லை. வெளியில் நின்று டொக்டருக்கு அழைப்பு எடுத்தேன். வாங்க வேண்டாம் என்று உடனே சொன்னார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. அல்பாகல்சிடோல் சிறுநீரகம் செய்ய வேண்டிய மாற்றத்தை முன்கூட்டியே செய்து தயாரிக்கப்பட்ட மருந்து. ஈரலில் ஒரு படி மட்டும் தாண்டினால் நேரே வீரியமான வடிவம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது அருமையான மருந்து. என்னைப் போல சேமிப்பு வற்றியவருக்கு அது சேமிப்பை நிரப்பாது. மாதக்கணக்கில் குடித்தாலும் 25-ஹைட்ரொக்சி அளவு அசையாது. மற்றப் பக்கம், இரத்தத்தில் கல்சியத்தை அது கெதியாக ஏற்றிவிடும். பெயரில் ஒற்றுமை, வேலையில் இல்லை. டி3 இன்னொரு கடையில் கிடைத்தது.

கிழமைக்கு ஒருக்கால் குடிக்கிற குளிசையில் ஒரு சங்கடம், நம் கை தினமும் குளிசை போட்டே பழகியது. அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு குளிசைக்கும் நேரே மார்க்கர் பேனையால் ஞாயிற்றுக்கிழமைத் திகதிகளை எழுதிவிட்டேன். ஞாயிறு ஏன் என்றால் அன்றைக்குத்தான் தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்போடு ஆறுதலாய் மதியச் சோறு. விற்றமின் டி கொழுப்பில் கரைவது, கொழுப்புள்ள பெரிய சாப்பாட்டோடு குடித்தால் உடம்பில் நன்றாகச் சேரும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு விழுங்குவது அவ்வளவு புத்தியில்லை. கல்சியக் குளிசை எனக்குத் தரவில்லை, சாப்பாட்டில் கூட்டச் சொன்னார். சட்டித் தயிர், முள்ளோடு நெத்தலி, குரக்கன். (அம்மா தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குடிக்கிறவர். அவருக்கு முன்பு கல்சியக் குளிசை கொடுத்தபோது இரண்டுக்கும் இடையில் நாலு மணித்தியாலம் விடச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இரண்டும் இருந்தால் கவனியுங்கள்.)

ஊசி ஒன்று போட்டால் வருஷம் முழுக்கப் போதும் என்று ஒரு உறவுக்காரர் சொன்னார். டொக்டரிடம் கேட்டேன். அவுஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் 500,000 அலகை ஒரேயடியாக வாயால் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது என்றார். மருந்து குடித்தவர்களில் விழுவதும் எலும்பு முறிவதும் குறையவில்லை, கூடியிருக்கிறது. அதற்குப் பிறகு பெரிய டோஸ்களில் ஆட்களுக்கு ஆசை குறைந்துவிட்டதாம்.

முதல் சில கிழமைகளில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காசு வீண் என்று மனது சொன்னது. பிறகு ஒருநாள் மாடிக்குக் கோப்புக் கட்டோடு ஏறிப் போய் மேசையில் வைத்த பிறகுதான், கைபிடியைத் தொடவில்லை என்பது உறைத்தது. முதலில் தசைதான் திரும்பியது. எலும்பு நோவு போக இன்னும் காலம் எடுத்தது, இடுப்புப் பக்கம் கடைசியாகத்தான் விட்டது.

மறு பரிசோதனைக்கு மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார், அளவு மெல்லத்தான் ஏறி நிலைக்கு வருமாம். அந்த முறை வேறு ஆய்வுகூடம். ரிப்போர்ட்டில் 72! வீட்டில் ஒரே கலவரம். கூடினால் கல்சியம் ஏறி வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் எல்லாம் வரும் என்று படித்திருந்தோம். ஆனால் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு வேறு. முதல் தாளில் மில்லிலீற்றருக்கு நனோகிராம், இதில் லீற்றருக்கு நனோமோல். இரண்டரையால் வகுத்தால் 29க்குக் கிட்ட. அழகான அளவு. உண்மையில் நச்சாகும் என்று பயப்படுகிற அளவு 150 நனோகிராம் பக்கம். இந்த வைத்தியம் முழுவதிலும் மருந்தைவிட அலகுகளோடுதான் நான் அதிகம் மல்லுக்கட்டினேன்.

இப்போது நாளுக்கு 1,000 அலகு. சித்தி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய போத்தலில் ‘125 மைக்ரோகிராம்’ என்று இருந்தது. சின்னத் தொகைதானே என்று தோன்றும். நாற்பதால் பெருக்குங்கள்: 5,000. டொக்டர் சொல்லாமல் வளர்ந்தவர் ஒருவர் தினமும் தாண்டக்கூடாது என்கிற எல்லையே 4,000. போத்தல் அலுமாரியில் இருக்கிறது.

கந்தோரில் என் பக்கத்து மேசை அக்கா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எனக்கும் முழங்கால் நோவுதான்கா, ஒரு அட்டையத் தா" என்று கேட்டார். அவருக்கு முன்பு சிறுநீரகக் கல் வந்தது. பிரஷருக்குக் குடிப்பது தையசைட் வகைக் குளிசை, அதுவே கல்சியத்தை உடம்பில் பிடித்து வைக்கும். கொடுக்கவில்லை, நாலு நாள் முகம் சுருங்கியிருந்தார். பிறகு அவரே போய்ப் பரிசோதித்தார். நனோகிராம் கணக்கில் 31. டொக்டர் அது முழங்கால் தேய்வு என்று சொல்லித் தொடைக்கு அப்பியாசம் காட்டிக் கொடுத்திருக்கிறார். குறைவே இல்லாதவர்கள் குடித்து லாபமில்லை என்பது பெரிய அளவில் பார்த்த விஷயம்தான். அமெரிக்காவில் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு நாளுக்கு 2,000 அலகு வீதம் வருஷக்கணக்கில் கொடுத்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. குடித்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை.

அக்காவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப உனக்கு மட்டும் மருந்து, எனக்கு அப்பியாசமா?" என்று கேட்டுவிட்டு, கதிரையில் இருந்தபடியே காலை நீட்டி மடக்கத் தொடங்கினார்.