லோங்காங்கில் மீன்

போன ஞாயிறு அம்மாவைக் பினாங்கு ஜார்ஜ் டவுனில் கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சியா போய் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். ஊஞ்சல் இருக்கும் என்று வந்தவர் கால்வாய் ஓரத்தில் நின்று, "தம்பி, இது அந்த நாத்தம் புடிச்ச லோங்காங்தானே? மீன் ஓடுது!" என்றார்.

அதேதான், பிராங்கின் கால்வாய். லோங்காங் என்று நாங்கள் சொல்வது சாக்கடையை. 1800களின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனின் எல்லையாக இருந்தது. ஹொக்கியன் சீனத்தில் சியா போய் என்றால் ஊர்க்கடைசி. ஒரு காலத்தில் சந்தை வரைக்கும் படகில் சாமான் வந்து இறங்கியது. அப்புறம் ஊர் எல்லை தாண்டி வளர, குப்பையும் கழிவும் சேர, பெரும்பகுதி மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் போய்விட்டது. 2015ல் தோண்டியபோது பழைய கருங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. அங்கே வரவேண்டிய எல்ஆர்டி ரயில் நிலையத்தையே வேறு இடத்துக்கு மாற்றும்படி ஆனது. 2019ல் பூங்கா திறந்தார்கள்.

பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் என் கண் கல்லைவிட கல்லுக்கு நடுவில் இருக்கும் காரைக்குத்தான் போகும். வெள்ளைக்காரன் சுனாம் என்று எழுதி வைத்தது நம் சுண்ணாம்புதான். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது, கல் கொஞ்சம் அசைந்தால் தானும் கொஞ்சம் கொடுக்கும். சிமெண்ட் அப்படியில்லை, முரட்டுப்பிடி. ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் செங்கல் வழியாகப் போகும், போகும்போது உப்பு அங்கே படிந்து செங்கல் பொடிப்பொடியாக உதிரும். எங்கள் சந்து லோங்காங்குக்கு இதே கதிதான். ஒரு கான்ட்ராக்டர் பழைய செங்கல் மேல் சிமெண்டைப் பூசி, மேலே ஸ்லாப்பும் போட்டு மூடிவிட்டுப் போனார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

கடல் ஏறும் நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குப் போக இடம் கிடையாது, வந்த வழியே திரும்பும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் லோங்காங்குக்குள் பாதி இடத்தை மண்ணும் பொலிஸ்டைரின் டப்பாவும் பிடித்திருந்தால்? மூடி இருக்கிறதே, யார் பார்ப்பது.

சியா போயில் ஒருவர் நீளமான வலையால் ஒரு பிளாஸ்டிக் கோப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். "இவரு தினம் வருவாரா?" என்று அம்மா கேட்டார். கல்லையும் வருடத்தையும் பற்றி அவ்வளவு பேசினேன், அம்மா கேட்டது இதை ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையைப் போட்டு இரண்டு ஸ்லாப்பை நெம்பினேன். எதிர்வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "மூடுங்க தம்பி, வீடெல்லாம் நாறுது!" என்று கத்தினார். உள்ளே முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. மூன்று வாளி அள்ளியதில் ஓரமாக நாலு செங்கல் தெரிந்தது, சிமெண்ட் ஏறாதது, இன்னும் முனை உடையாமல். மீதியை சனிக்கிழமை அள்ள வேண்டும். அக்கா இன்னும் பேசவில்லை.