ஐபேட் வியூவும் இரட்டைமடியும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பனில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, வலைக் கொட்டகை நிழலில் இளைஞர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து, கைப்பேசித் துப்பாக்கிச் சுடும் ஆட்டமான பிஜிஎம்ஐ ஆடுவதைக் காணலாம். அங்கே ஓயாமல் எழும் வழக்கு ஒன்று உண்டு: ஆட்டத்தில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி எதிரியை வீழ்த்துவது திறமையா, ஏமாற்றா? “கேம்லயே இருக்குது மாப்ள, உனக்குத் தெரியலைன்னா நான் என்ன செய்ய?” என்பது ஒரு தரப்பின் வாதம். அதை முழுமையாகத் தள்ளிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

‘உருவாக்கியவர்கள் நினைத்துப் பார்க்காதது எல்லாமே ஏமாற்று’ என்று வைத்துக்கொண்டால், துப்பாக்கிச் சுடும் ஆட்டங்களின் வரலாற்றில் பாதி அழிந்துபோகும். 1999இல் வந்த குவேக் 3 ஆட்டத்தில், வேகக் கணக்கீட்டில் இருந்த ஒரு குறையைக் கொண்டுதான் ஆட்டக்காரர்கள் குதித்துக் குதித்து வேகம் கூட்டினார்கள்; அந்தக் குறையே பின்னர் அந்த ஆட்டத்தின் அழகு என்று பெயர் பெற்றது. காலடியில் ராக்கெட்டைச் சுட்டு உயரே எழும்புகிறவர் தன் உயிர்ப்புள்ளிகளில் ஒரு பகுதியை அதற்கு விலையாகக் கொடுக்கிறார். எதிரில் இருப்பவரும் அதே வித்தையைக் கற்றுக்கொள்ளலாம். இதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

2014 நவம்பரில், சுவீடனில் நடந்த டிரீம்ஹேக் கணினி விளையாட்டுப் போட்டியில் நிகழ்ந்தது வேறு வகை. கவுன்டர் ஸ்டிரைக் என்னும் சுடும் ஆட்டத்தின் ஓவர்பாஸ் களத்தில் ஃபினாட்டிக் அணியினர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பில் தங்கள் வீரரை நிறுத்தினார்கள். யாரும் எதிர்பாராத அந்த உயரத்திலிருந்து அவர் களத்தின் பெரும்பகுதியைப் பார்த்துச் சுட, தோற்கும் நிலையில் இருந்த அணி வென்றது. எதிரணியான எல்டிஎல்சி முறையிட்டது. மறு ஆட்டத்துக்கு உத்தரவான பிறகு ஃபினாட்டிக் விலகிக்கொண்டது. தந்திரம் புதியது என்பதற்காக நான் அதைக் குறை சொல்லவில்லை. சுடப்பட்டவருக்கு அந்தக் கணத்தில் செய்வதற்கு எதுவுமே மிச்சமில்லை என்பதுதான் என் குறை. இரட்டைமடி வலை மீது நம் நாட்டுப்படகு மீனவர்கள் சொல்லும் புகாரும் இதுவேதான்: இரண்டு படகுகள் ஒரே வலையை இழுத்து அடிவரை அரித்துச் சென்ற இடத்தில், அடுத்தவன் எவ்வளவு கைதேர்ந்தவனாக இருந்தாலும் பயனில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பிஜிஎம்ஐயில் சுவரோரம் ஒளிந்துகொண்டு, முதுகுக்குப் பின்னால் நிற்கும் கேமரா வழியாக மறுபக்கத்தை எட்டிப் பார்ப்பது எரிச்சல் தரலாம், ஆனால் அநியாயமாகாது. அந்தக் கேமரா எல்லோருக்கும் இருக்கிறது, கையெறி குண்டும் இருக்கிறது. (புல்லில் படுத்துக் கிடப்பவர்களுக்கு ஒரு சொல்: தொலைவிலிருந்து பார்ப்பவர் திரையில் அந்தப் புல் வரையப்படுவதே இல்லை, நீங்கள் வெட்டவெளியில்தான் கிடக்கிறீர்கள்.)

என்னை உண்மையில் உறுத்துவது ‘ஐபேட் வியூ’. ஐபேட் என்னும் டேப்லெட்டில் ஆடினால், அதன் திரையின் வடிவத்தால் மேலும் கீழும் கூடுதல் காட்சி விரிகிறது. கோப்புகளைத் திருத்திச் சாதாரணக் கைப்பேசியிலேயே அந்தக் காட்சியைக் கொண்டுவருகிறவனின் கணக்கை ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் முடக்குகிறது. கடைக்குச் சென்று அதே காட்சியைப் பணம் கொடுத்து வாங்குகிறவனை எதுவும் கேட்பதில்லை. 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம், எதிரெதிர்த் திசை விசைகளை மாற்றி அழுத்தி, ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தும் நேர்த்தியை விசைப்பலகையே தானாகச் செய்து தருவதைக் கவுன்டர் ஸ்டிரைக் 2இல் தடுத்தது. விரல் பழகிப் பெற வேண்டியதைக் கருவி பெற்றுத் தரக் கூடாது என்பது அதன் நிலை. அதே கண்டிப்பைத் திரை விஷயத்தில் நிறுவனங்கள் காட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மண்டபத்திலோ கீழக்கரையிலோ பரிசுத்தொகை வைத்து ரூம் போட்டி (ஆட்டத்துக்குள் தனி அறை திறந்து, அழைத்தவர்களை மட்டும் சேர்க்கும் போட்டி) நடத்துகிறவர்கள், டேப்லெட்டுக்கு இடமில்லை என்று நுழைவு விதியில் ஒரு வரி சேர்த்தாலே போதும்.