மாப்பிள்ளையைக் கிணற்றிலிருந்து தூக்கிய கதை

சேரன்மகாதேவியில் சித்தி வீட்டுக் கிணற்றில் இப்போது தண்ணீர் குனிந்தால் கைக்கு எட்டும். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிற வரைக்கும் அப்படித்தான். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீருக்கு மூன்றரை அடி. எங்கள் படகின் விளிம்பும் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட அதே உயரம். அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரை அந்தக் கிணற்றில் இறக்கினேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு. இவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறார், நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். கொச்சியில் ஒரு நண்பரோடு பங்கு போட்டு வாங்கிய 31 அடி பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. இந்தத் தை இல்லை, அடுத்த தையில் கொச்சியிலிருந்து மாலத்தீவின் மாலே, அங்கிருந்து செஷல்ஸின் மாஹே தீவு என்று திட்டம். மாலே வரை 400 கடல்மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் மாஹேக்கு 1,200. படகு மணிக்கு 5 கடல்மைல் ஓடினால் நாளொன்றுக்கு 120, ஆக மாலேயிலிருந்து பத்து நாள். நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்று செத்துக் கிடக்கும் என்பதால் பதினான்கு நாள் என்று வைத்திருக்கிறோம்.

தை என்று முடிவு செய்ததற்குக் காரணம் வாடைக்காற்று. தெற்கேயும் மேற்கேயும் போகிறவர்களுக்கு முதுகில் அடிக்கிற காற்று அது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் இன்னும் நல்ல காற்று கிடைக்குமே என்று ஒருவர் கேட்டார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிமுனைக்குப் பக்கத்தில் திடீரென்று திரண்டு எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. சரி, தைதான்.

தூத்துக்குடியில் ஒரு பழைய தண்டையலை, அதாவது தோணித் தலைவரை, போய்ப் பார்த்தோம். எஞ்சின் வைக்காத தோணியில் மாலேக்கும் கொழும்புக்கும் பாய் விரித்துப் போனவர். பருமல், ஆஞ்சான், தாமான் என்று அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் ஆங்கிலத்தில் படித்து வைத்திருந்த பாய்மரக் கழிக்கும் கயிற்றுக்குமெல்லாம் தமிழில் பெயர் இருப்பது தெரிந்தது. இனி எங்கள் படகில் பாயை ஏற்றுவது ஆஞ்சான்தான். எங்கள் திட்டத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “நாங்க பத்துப் பேருக்கு மேல போவோம். நீங்க ரெண்டு பேருன்னா தூங்குறது யாரும்மா?”

அந்தக் கேள்விதான் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பாய் விடுவது ஓரளவுக்குக் கைவந்துவிட்டது. மணப்பாட்டில் ‘எண்டர்பிரைஸ்’ வகையைச் சேர்ந்த 13 அடிப் படகு ஒன்றைப் பழசாக வாங்கிப் போட்டிருக்கிறோம். ஆடியில் தேரி மணலைச் சிவப்பாக வாரிக்கொண்டு வருகிற காற்றில் பதினோரு தடவை கவிழ்ந்தோம். அதில் எட்டு என் கணக்கு. கவிழ்ந்த படகை நிமிர்த்தி ஏறிக்கொள்வது மூன்று நாளில் பழகிவிட்டது. ஆனால் 31 அடிப் படகு அப்படிக் கிடக்காது, விழுந்தவரை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பேர் போகிற படகில் ஒருவர் விழுந்தால் மிச்சம் இருப்பது ஒருவர். அவரே பாயை இறக்க வேண்டும், படகைத் திருப்ப வேண்டும், விழுந்தவரைக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் தூக்கவும் வேண்டும். திருப்பிக் கொண்டுவருவதைக் கொச்சியில் மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தை எறிந்து பழகினோம். குடத்தை எடுத்துவிடலாம். ஆனால் குடம் 78 கிலோ இல்லையே.

முதலில் கிணற்றுக் கப்பியையே நம்பினேன். இவர் நெஞ்சுப் பட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் மிதக்க, நான் மேலே நின்று கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு தொங்கினேன். என் எடை 54. இவர் இடுப்பு வரை எழும்பியதோடு சரி, அதற்கு மேல் என் கால்தான் தரையை விட்டு எழும்பியது, இவர் அசையவில்லை. ஒற்றைக் கப்பி இழுக்கிற திசையை மாற்றுமே தவிர எடையைக் குறைக்காது என்பதை எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிற மனிதர் தண்ணீருக்குள் கிடந்து சிரித்தார்.

அடுத்து, படகுக்கென்று வாங்கிய இரட்டைக் கப்பிகள் இரண்டை உத்தரத்தில் கட்டினோம். கயிறு நான்கு மடிப்பாக ஓடும். எடை நாலில் ஒரு பங்கு, அதாவது இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கயிறு உரசுவதையும் சேர்த்தால் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை இழுக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஆளை ஓர் அடி உயர்த்த நான்கு அடி கயிறு இழுக்க வேண்டும்.

தண்ணீருக்குள் இருக்கிற வரை ஆள் லேசாகத்தான் வந்தார். இடுப்பு வெளியே வந்ததும் கனம் கூடியது, தொடை வந்ததும் இன்னும் கூடியது. நனைந்த பேண்ட்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. பாதி தூரத்தில் என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கயிற்றைச் சுற்றிக் கட்ட ஒரு கை வேண்டும், விட்டால் மறுபடி கிணறு. சித்தப்பா பிடிக்க ஓடிவந்தார். “வராதீங்க சித்தப்பா, தொடாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மை சுவரேறி எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, கெட்டுன புருசன கெணத்துல தொங்கவிட்டுட்டு, தூக்க வாறவுகளையும் வரவிட மாட்டேங்கியே!”

இவர் ஒன்றும் பேசவில்லை. பேசக்கூடாது என்பது ஒப்பந்தம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தார், முழங்கை கிணற்றுக் கல்லில் உரசித் தோல் போயிருந்தது. ஒரு நொடி எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது. முழங்காலால் கயிற்றைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுப் போட்டேன். முதல் தடவை பதினோரு நிமிடம். காபி குடித்துவிட்டு இன்னொரு தடவை, ஏழு நிமிடம். கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற கிளீட் ஒன்று கப்பியிலேயே இருந்திருந்தால் முழங்காலுக்கு வேலை இல்லை. அதை ஆர்டர் போட்டாயிற்று.

அன்று ராத்திரியே ஒரு சட்டமும் போட்டோம். இருட்டிய பிறகு இடுப்புக் கயிற்றைப் படகோடு மாட்டாமல் யாரும் மேல்தளத்துக்கு வரக்கூடாது. படகு ஓரத்தில் நின்று ஒன்றுக்குப் போகக்கூடாது. இரண்டாவது யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்டையல் கேள்விக்கு வருகிறேன். ஆவணியிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் மொட்டைமாடியில் முறைக்காவல் வைத்திருக்கிறோம். ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருவர். சமையலறை டைமர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும், எழுந்து நாலாபக்கமும் சுற்றிப் பார்க்க வேண்டும். மணிக்கு 20 கடல்மைல் போகிற சரக்குக்கப்பல் இருபது நிமிடத்தில் ஏறக்குறைய 7 கடல்மைல் வந்துவிடும். கொச்சிப் பக்கம் விளக்கை மட்டும் தேடினால் போதாது. 2025 மே மாதம் அங்கே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோது கன்டெய்னர்கள் கடலில் மிதந்தன, அதற்கு ஏது விளக்கு?

காவல் இருப்பது கஷ்டமாக இல்லை, தூங்குவதுதான் கஷ்டம். முதல் ஐந்து வாரம் என் முறை முடிந்து கீழே வந்து படுத்தாலும் காது மாடியில்தான் இருந்தது. டைமர் அடித்த பிறகு இவர் நடக்கிற சத்தம் கேட்கிறதா, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாரா என்று. ஆறாவது வாரம் கேட்டுப் பார்த்தால் இவருக்கும் அதே கதை. 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பிய கடற்படை அதிகாரிகள் தில்னாவும் புதுச்சேரிக்காரரான ரூபாவும் தாரிணி படகில் இரண்டே பேராக உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பி வந்தார்கள். எட்டு மாதம். எப்படித்தான் தூங்கினார்களோ.

இன்னொன்றும் கவனித்தேன். காவல் ராத்திரிகளில் நாங்கள் சந்திப்பது முறை மாறுகிற ஐந்து நிமிடம்தான். மிச்சமெல்லாம் நோட்டுப் புத்தகத்தில். “2.40, தெற்கே மின்னல். பால் புளித்துவிட்டது, குடிக்காதே” என்று இவர் எழுதி வைத்திருப்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இவர் எனக்கு எழுதிய கடிதம் இவ்வளவுதான்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலை. செக்ஸ்டன்ட் என்பது அடிவானத்திலிருந்து சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து நாம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிற கருவி. அதைப் பழக மாடியிலிருந்து அடிவானம் தெரியாது, அதனால் தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி அதில் தெரியும் சூரியனை வைத்து அளக்கிறார். அப்படி அளந்தால் கோணம் இரட்டிப்பாகும், எங்கள் கருவி 120 பாகை வரைக்கும்தான் காட்டும். நம் ஊர் உச்சிவெயிலுக்கு அது மார்கழியை ஒட்டித்தான் சரிப்படும். போன வார அளவுப்படி எங்கள் வீடு 14 கடல்மைல் தெற்கே, நாங்குநேரியில் இருக்கிறது.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாலு லிட்டர், பதினான்கு நாளைக்கு 112 லிட்டர், அதற்கு மேல் இன்னொரு பாதி அவசரத்துக்கு. ஆக 20 லிட்டர் கேன் ஒன்பது. சோறு வடிக்கக் கொஞ்சம் கடல்தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம், உப்பு மிச்சம். உடன்குடி கருப்பட்டி, கோவில்பட்டி கடலைமிட்டாய், எள்ளுப்பொடி, சுக்கு. மாசிக்கருவாடும் பட்டியலில் இருக்கிறது. மாலத்தீவிலிருந்து வருகிற மாசியைத் தூத்துக்குடியில் வாங்கி மாலத்தீவுக்கே கொண்டுபோவதா என்று இவர் கேட்கிறார். வழியில் தின்ன வேண்டாமா?

அனுமதி இல்லாத சாட்டிலைட் போனை நம் நாட்டில் வைத்திருக்கவே கூடாது என்பதால் பி.எஸ்.என்.எல். வழியாக விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கடலில் ஆபத்தென்றால் அழுத்துகிற ஈபிர்ப் கருவியைப் பதிவு செய்கிற வேலையும் பாக்கி. நம் ஊர்க் கருவியின் சமிக்ஞை பெங்களூரில் இஸ்ரோ நடத்துகிற மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும்.

அடுத்த ஞாயிறு முறை மாறுகிறது. கிணற்றில் நான், மேலே இவர். கைகாலை அசைக்காமல் மயங்கினவள் மாதிரி மிதக்க வேண்டும், பட்டையையும் இவரே வந்து மாட்ட வேண்டும். பெரியம்மை காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.