புதுச் சேலையை எதனோடு துவைப்பது?

வெள்ளைக்கு ஒரு குவியல், வண்ணத்துக்கு ஒரு குவியல் என்று பிரித்துவிட்டால் போதும் என்றே பல வீடுகளில் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், நிறத்துக்கு முன்னால் துணி புதிதா பழையதா, பருத்தியா செயற்கை இழையா என்பதைப் பார்க்க வேண்டும். பலமுறை துவைத்த கருநீலப் பாலியஸ்டர் சட்டையால் பிற துணிகள் கெடுவது அரிது. கடையிலிருந்து வந்த கையோடு வாளிக்குள் போகும் அரக்குநிறப் பருத்திச் சேலைதான் வேட்டியை ரோஸ் நிறமாக்கிவிடும்.

இதற்கான காரணம் சாயப்பட்டறையில் இருக்கிறது. 1956இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்பவை என்றாலும், அவற்றில் ஒரு பகுதி தொட்டியிலேயே தண்ணீரோடு வினைபுரிந்து, பிணையும் திறனை இழந்து, இழையில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டறையில் சோப்பிட்டுச் சுடுநீரில் நன்றாக அலசினால் அது நீங்கிவிடும். அந்த அலசலில் சிக்கனம் பார்த்தால், சாயம் நம் வீட்டு வாளியில் இறங்கும். ஜீன்ஸின் நீலச் சாயமான இண்டிகோவோ நூலின் மேற்பரப்பிலேயே தங்குவதால் துவைக்கும்போதெல்லாம் உதிரும். அதை எப்போதும் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

புதுத் துணி எப்படிப்பட்டது என்று அறிய, உள்மடிப்பில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால், முதல் சில சலவைகள் தனியே நடக்கட்டும்.

பிரித்து வைப்பதால் மட்டும் காப்பாற்ற முடியாத துணி ஒன்று உண்டு. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில், முடிச்சிட்டுச் சாயம் ஏற்றுவதால் கிடைக்கும் வெண்புள்ளிகள்தாம் அழகே. சாயம் கசிந்தால் முதலில் மங்குபவை அந்தப் புள்ளிகளே. ஆகவே ஊறவைக்காமல், குளிர்ந்த நீரில் விரைவாக அலசி, முறுக்கிச் சுருட்டி வைக்காமல், உடனே உதறி நிழலில் விரிக்க வேண்டும். ஈரத்தோடு மடிந்து கிடக்கும் நேரமே ஆபத்தானது. சலவை இயந்திரம் நின்ற பிறகும் உள்ளேயே கிடக்கும் துணிகளுக்கும் இது பொருந்தும்.

கல் உப்புப் போடும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. உப்புநீரில் சாயம் கரைவது சற்றுக் குறையலாம். ஆனால் அது பிணையாத சாயத்தைப் பிணைத்துவிடாது. அதனால் உப்பை நம்பிப் புதுச் சேலையோடு வெள்ளை வேட்டியைப் போட்டுவிட வேண்டாம். தப்பித்தவறிச் சாயம் ஒட்டிவிட்டால், காயவிடாமல், இஸ்திரி போடாமல், அந்த ஈரத்திலேயே மறுபடியும் சோப்புத்தூளில் துவையுங்கள்.