13×19 பேப்பரை பிரிண்டர் கண்ல காட்ட நான் பட்ட பாடு

பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியில 13×19 இன்ச்னு பெருசா போட்டிருக்கான், போட்டோஷாப்ல பிரிண்ட் குடுக்கப் போனா பேப்பர் லிஸ்ட் ஏ3யோட நின்னுடுது. கல்யாண போட்டோ ஒண்ணு 12×18 இன்ச்ல வேணும்னு கஸ்டமர் போன் மேல போன். ஏ3ங்கறது 297க்கு 420 மில்லிமீட்டர்தான், 12×18 அதவிடப் பெருசு, அதனால படம் ஓரத்துல வெட்டுப்படும்னு போட்டோஷாப் எச்சரிக்கை போட்டுக்கிட்டே இருந்துச்சு. ஸ்கேல் டு ஃபிட் மீடியாவ டிக் பண்ணா எச்சரிக்கை போயிடும், ஆனா படம் ஏ3க்கு சுருங்கி பெரிய தாள்ல ஒரு பக்கமா ஒதுங்கி வரும். போட்டோ பேப்பர் விக்கிற விலைக்கு வயிறு எரியும்.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டா, "சார் அந்த மாடல் ஏ3 வரைக்கும்தான், மேல் மாடல் வாங்கிக்கோங்க"ங்கறார். பெட்டியில எழுதியிருக்கேன்னு சொன்னா, "அப்ப மிஷினக் கொண்டாங்க சார்". அவ்ளோ கனமான மிஷின ஆட்டோல ஏத்தி எடுத்துட்டுப் போனா, ஏ4ல டெஸ்ட் பேஜ் ஒண்ணு எடுத்துட்டு "பிரிண்டர் நல்லாதான் இருக்கு"ன்னு சொல்லி செக்கிங் சார்ஜுக்கு பில்லு நீட்டறாங்க. ஏ4 வரும்னு எனக்குத் தெரியாதா!

விஷயம் என்னன்னா, அந்த சைஸ் லிஸ்ட் போட்டோஷாப்போடது இல்ல, டிரைவர், அதாவது பிரிண்டர கம்ப்யூட்டரோட பேச வைக்கிற சாஃப்ட்வேர், குடுக்கறது. பிரிண்டர கேபிள்ல சொருகினதும் கம்ப்யூட்டர் தானா ஒரு பொது டிரைவர போட்டுக்கிச்சு, அதுல பெரிய சைஸே கிடையாது. கம்பெனி சைட்லேர்ந்து அந்த மாடலுக்கான முழு டிரைவர இறக்கிப் போட்டேன். போட்டப்புறம் லிஸ்ட்ல ஒரே பிரிண்டர் ரெண்டு பேர்ல நிக்கும், போட்டோஷாப் பழசத்தான் புடிச்சுக்கிட்டு இருக்கும், அதனால பழசத் தூக்கிட்டு போட்டோஷாப்ப மூடித் திறங்க.

அப்பவும் ஏ3 பிளஸ், அதாவது அந்த 13×19 சைஸ், வரல. பிரிண்ட் செட்டிங்ஸ் உள்ள பேப்பர் சோர்ஸ் (தாள் எங்கேர்ந்து எடுக்கணுங்கறது) கேசட்ல, அதாவது கீழ இருக்கற பேப்பர் டப்பால, இருந்துச்சு, அதுல அந்தத் தாள் நுழையவே நுழையாதுங்கறதால சைஸையே மறைச்சு வச்சிருக்கான். பின்னாடி ட்ரேக்கு மாத்தினதும் 329க்கு 483 மில்லிமீட்டர்னு வந்து நின்னுச்சு பாருங்க, வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாரும் பெருசா கண்டுக்கல.

12×18க்குன்னு கஸ்டம் சைஸ் உருவாக்கி தலைய உடைச்சுக்காதீங்க, கஸ்டம் சைஸ்ல என் டிரைவர் பார்டர்லெஸ்ஸே (ஓரத்துல வெள்ளை இல்லாம அடிக்கறது) விடல. ஏ3 பிளஸ் தாள்ல ஸ்கேல் 100%, நடுவுல வைங்கறதையும் டிக் பண்ணிட்டு அடிச்சா சுத்தி அரை இன்ச் வெள்ளை விடும், கட்டர்ல வெட்டி எடுத்தா அளவு கச்சிதமா 12×18.

இன்னொரு தொல்லை, இந்த செட்டிங்க போட்டோஷாப் அந்தந்த ஃபைலோட சேத்துதான் வச்சுக்குது. அடுத்த படத்தத் திறந்தா மறுபடியும் ஏ4தான். பிரிண்டரோட பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்ல டிஃபால்ட்டாவே ஏ3 பிளஸ் வச்சுட்டா புது ஃபைலுக்கு அந்தத் தலைவலி இல்ல, பழைய ஃபைல்கள மட்டும் ஒவ்வொண்ணா பாத்துக்கணும். எதுவா இருந்தாலும் பிரிண்ட் பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி பிரிவியூ மேல காட்டற பேப்பர் அளவ ஒரு தடவ படிச்சிடுங்க.

பார்டர்லெஸ்ல அடிச்சுத்தான் ஆகணும்னா டிரைவர் படத்த கொஞ்சம் பெருசாக்கி நாலு ஓரத்தையும் தாளுக்கு வெளிய தள்ளிடும். அதுலயே அந்த விரிவாக்கத்தக் குறைக்க ஒரு ஸ்லைடர் இருக்கு, குறைங்க, இல்லன்னா ஓரத்துல நிக்கிற மாமாவுக்குப் பாதி முகம்தான் வரும், அதுக்கும் நம்மளத்தான் திட்டுவாங்க.