பைதன்ல சிங்கிள்டிஸ்பாட்ச்

யாழ்ப்பாணத்தில எங்கட ஒஃபிஸில கடைகளுக்கு பில் போடுற புரோகிராம் ஒண்டு பைதன் மொழியில எழுதுறம், திகதி வந்தா ஒரு மாதிரி, காசு வந்தா இன்னொரு மாதிரி, லிஸ்ட் வந்தா வேற மாதிரிக் காட்டவேணும், முந்தி இஃப் எலிஃப் எண்டு நிபந்தனைகள் நீண்டுகொண்டே போச்சுது. இப்ப பைதனோடயே வாற ஃபங்க்டூல்ஸில இருக்கிற சிங்கிள்டிஸ்பாட்ச்தான், வாற டேட்டாவின்ர டைப்பைப் பார்த்து அதுக்குரிய ஃபங்ஷனைத் தானே கூப்பிடுற வசதி, 2014ல பைதன் 3.4ஓட வந்தது, அதுக்கான முன்மொழிவு பெப் 443. ஒவ்வொரு டைப்புக்கும் தனித்தனியா ஒரு ஃபங்ஷனை ரெஜிஸ்டர் பண்ணினா காணும், வேற ஆக்களின்ர லைப்ரரியில இருக்கிற கிளாசுக்கும் நாங்களே சேர்க்கலாம், அவையின்ர கோடில கை வைக்கத் தேவையில்ல, எனக்கு இதுதான் பெரிய விசயம்! ஃபங்ஷனுக்குக் குடுக்கிற முதல் ஆர்கியுமென்ட்டின்ர டைப்பை மட்டும்தான் பார்க்கும், முக்கால்வாசி வேலைக்கு அது போதும். ட்ரூ, ஃபால்ஸ் ரெண்டின்ர டைப்பான பூலுக்குத் தனியா ரெஜிஸ்டர் பண்ணாட்டி அதுகள் ரெண்டும் முழு எண் டைப்பான இன்ட்டின்ர ஃபங்ஷனுக்குப் போயிடும், ஏனெண்டா பூல் இன்ட்டின்ர சப்கிளாஸ், அதாவது அதிலயிருந்து வந்த கிளாஸ், அதை மட்டும் கவனிச்சுக்கொள்ளுங்கோ.